குதிரைக் கொட்டடி, அறுபத்திரண்டு சதுர மீட்டர்

வங்கிக்காரர் முதலில் கேட்டது
கூரையின் வயதை.
இருநூற்று இருபது என்றேன்.
கடனின் வயது முப்பது என்றார்.
கையெழுத்துப் போட்டேன்.

எல்பே ஆற்றிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.
ஓக் மரச் சட்டங்களுக்கிடையே செங்கல் அடைத்த வீடு.
ஒரே கூரையின்கீழ்
ஒரு முனையில் மாடு, மறுமுனையில் மனிதர்,
வைக்கோல் வண்டி நுழையும் அகலத்துக்குக் கதவு.
கதவின் தலைவிட்டத்தில் செதுக்கிய பெயர்கள்:
ஹார்ம் லூடர்ஸ், அவர் மனைவி இல்ஸபே.
பிறகு ஆண்டு, பாதி அரித்துப்போன ஜெபம்.
இன்று அதே விட்டத்துக்குக் கீழே
ஆறு அழைப்பு மணி, ஆறு மின்சார மீட்டர்.

மரபுக் கட்டடத் துறையிலிருந்து வந்த ஓல்ஸன் அம்மாளுக்கு
என் வீட்டை என்னைவிட நன்றாகத் தெரியும்.
சிமெண்ட் ஆகாது, சுண்ணாம்புதான்.
ஜன்னல் இரண்டு விரற்கடைகூட அகலக் கூடாது.
வௌவால்கள் குட்டிகளைப் பறக்கப் பழக்கி முடிக்கும்வரை
பரணில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது.
மூன்று மாதம்
தச்சர் தேட்லெஃப் முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்.
அதற்கும் கூலி கொடுத்தேன்.
வாடகை தராத முதல் குடித்தனம்,
தலைகீழாகத் தொங்கி என்னைப் பார்த்தது.

செப்டம்பரில்
குதிரைக் கொட்டடியை ஒட்டிய சிற்றறையில் காரை உதிர்த்தோம்.
அங்கே குளியலறை வருவதாக இருந்தது.
காரைக்குள் இன்னொரு காரை.
அதில் ஆணியால் கீறிய கோடுகள்,
ஆறு நேராக, ஏழாவது சாய்வாகக் குறுக்கே,
மறுபடி ஆறு, மறுபடி ஒன்று,
முழங்கால் உயரத்தில் தொடங்கி
படுத்திருப்பவர் கை எட்டும் இடம்வரை.

சர்க்கரை ஆலையில் இருபத்தேழு வருடம் கணக்கெழுதியவள் நான்.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.
நூற்று நாற்பத்து மூன்று வாரம்.
கடைசி வரிசையில் நான்கு கோடு மட்டும்.
அதற்குக் கீழே
வயிற்றில் குறுக்குவெட்டு வாங்கிய ஓர் எல்.
போலந்துக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்
என்றார் ஓல்ஸன் அம்மாள், கண்ணாடியைத் துடைத்தபடி.

அப்பா சொன்ன போர்க்காலத்தில்
இரண்டு குதிரைகள் இருந்தன, கடுங்குளிர் இருந்தது.
வேறு ஆள் இல்லை.
பீட் கிழங்கு தானாகவா மண்ணைவிட்டு எழுந்து
வண்டி ஏறியது என்று
அவர் இருந்தவரை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

குழாய்களை எதிர்ச்சுவருக்கு மாற்ற
நாலாயிரத்து முந்நூறு யூரோ.
அன்றிரவு யாருமில்லாதபோது
ஒரு வாளிச் சுண்ணாம்பு நானே கலக்கினேன்.
கரண்டியைக்கூடக் கையில் எடுத்தேன்.
தண்ணீர் மூடிய சுண்ணாம்புக்கு அவசரமில்லை.
வாளி இன்னும் கிடங்கில் இருக்கிறது.

குத்தகைப் பத்திரம் எழுத உட்கார்ந்தேன்.
ஷரத்து பதினான்கு:
இந்தச் சுவரில் வெள்ளையடிக்கக் கூடாது,
ஆணி பயன்படுத்தக் கூடாது.
எழுதிவிட்டு அந்த வரியையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க வந்தவள் வியோசா. பேருந்து ஓட்டுகிறாள்,
அதிகாலை நாலே காலுக்கு முதல் வண்டி.
கூடவே ஒன்பது வயதுப் பையன்.
கோடுகளைப் பற்றிச் சொன்னேன், தெரிந்த மட்டும்.
‘இந்தச் சுவருக்கும் சேர்த்தா வாடகை?’ என்றாள்.
அளவிலிருந்து கழித்துவிட்டேன் என்றேன்.
பொய்.
வீட்டுக்குப் போய்க் கழித்தேன்.

மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது.
வங்கிக்குப் போக அந்த வீட்டில் எனக்கு மிச்சம் பதினோரு யூரோ.
தீவனத் தொட்டியில் பையனின் கால்பந்துக் காலணிகள் காய்கின்றன;
ஓல்ஸன் அம்மாள் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

போன வாரம் குப்பைத் தொட்டியருகே வியோசா சொன்னாள்:
சாய்ந்த வெயில் விழும்போது
கோடுகள் ஆழமாகத் தெரிகின்றன,
கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டேன் என்று.
பார்ப்பதற்கா, பார்க்காமலிருப்பதற்கா?
கேட்கவில்லை நான்.

அங்கே குழாய் ஒழுகுகிறதாம்.
வியாழக்கிழமை போகிறேன்.
கேட்க வேண்டும்.